பெற்றோர் ஒப்புதல்: சட்டம் தயார், வீடும் பள்ளியும் தயாரா?

புது தில்லி: பதினெட்டு வயது நிறைவடையாத எவருடைய தனிப்பட்ட விவரங்களையும், பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் இன்றி இணைய நிறுவனங்கள் கையாளக் கூடாது என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதற்கான விதிமுறைகளை மத்திய அரசு 2025 நவம்பரில் வெளியிட்டது. நிறுவனங்கள் தங்களைத் தயார் செய்துகொள்ள அப்போது 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டது. அந்தக் கணக்கின்படி 2027 மே மாதம் இந்தப் பிரிவு முழு அளவில் நடைமுறைக்கு வர வேண்டும்.

சட்டத்தின் நோக்கம் குறித்துப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இணையத்தில் குழந்தையைக் காக்கும் முதல் பொறுப்பை இச்சட்டம் பெற்றோரின் கையில் ஒப்படைக்கிறது. அந்தப் பெற்றோரில் பெரும்பாலானோர் தங்கள் செல்பேசியில் ஒரு சிக்கல் என்றால் உதவிக்கு அழைப்பது பிள்ளைகளைத்தான். ஒப்புதல் கேட்கும் செய்தி வரும்போது "சரி" என்ற பொத்தானை அழுத்தப் போவது யார் என்பதே இந்தச் சட்டத்தின் முன் நிற்கும் உண்மையான கேள்வி.

தில்லியில் தொடங்கிய விவாதம்

இந்தப் பிரச்னை நாட்டின் கவனத்துக்கு வந்தது தலைநகர் தில்லியில்தான். 2004-ஆம் ஆண்டு இறுதியில், பள்ளி மாணவர்கள் இருவர் தொடர்பான அந்தரங்கப் படக் காட்சி ஒன்று செல்பேசிகளில் பரவியது. பின்னர் அது இணைய ஏலத் தளம் ஒன்றில் விற்பனைக்கும் வந்தது. அந்த ஏல நிறுவனத்தின் தலைமை அதிகாரி கைது செய்யப்பட்டார். பிறர் பதிவேற்றும் பொருளுக்கு நிறுவனம் எந்த அளவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விவாதம் அதிலிருந்து எழுந்தது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை ஆராய 2005-இல் வல்லுநர் குழு அமைக்கப்பட்டது.

அதன் தொடர்ச்சியாக 2008 டிசம்பரில் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது. குழந்தைகளைப் பாலியல் நோக்கில் சித்திரிக்கும் படங்களைத் தயாரிப்பதும், பரப்புவதும், தேடுவதும் குற்றம் என்ற 67-பி பிரிவு அப்போதுதான் சேர்க்கப்பட்டது. குழந்தைகளை இணையம் வழியாகத் தவறான உறவுக்கு வசப்படுத்துவதும் இப்பிரிவில் அடங்கும். முதல் முறை குற்றத்துக்கு 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் ரூ. 10 லட்சம் வரை அபராதமும் விதிக்க இது வழி செய்தது. 2009 அக்டோபரில் இத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 2012 நவம்பர் 14 முதல் போக்ஸோ சட்டமும் அமலானது.

ஆக, குற்றவாளியைத் தண்டிக்கத் தேவையான சட்டங்கள் பல ஆண்டுகளாகவே உள்ளன. குற்றம் நடக்கும் முன் குழந்தையைக் காப்பதில்தான் அரசின் அணுகுமுறை தடுமாறி வந்திருக்கிறது.

தடைகளும் அவற்றின் பலனும்

அந்தத் தடுமாற்றத்துக்கு 2015-ஆம் ஆண்டு நிகழ்வு சான்று. ஆபாச இணையதளங்களைத் தடை செய்யக் கோரும் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்த நேரத்தில், 857 இணையதளங்களை முடக்குமாறு அந்த ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. கடும் எதிர்ப்பு எழுந்ததும் ஒரே வாரத்துக்குள் உத்தரவு தளர்த்தப்பட்டது. 2018-இல் உத்தரகண்ட் உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து அவற்றில் 827 தளங்களை முடக்க மீண்டும் ஆணையிடப்பட்டது. முடக்கப்பட்ட தளங்கள் வேறு பெயர்களில் திரும்பி வருவதை எந்த உத்தரவாலும் முழுமையாகத் தடுக்க இயலவில்லை.

2017-இல் "நீலத் திமிங்கிலம்" என்ற விளையாட்டைப் பற்றிய அச்சம் நாடெங்கும் பரவியது. உச்ச நீதிமன்றம் வரை விவகாரம் சென்றது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அந்த ஆண்டு ஆகஸ்டில் பள்ளிகளுக்கு இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை அனுப்பியது. ஆனால் விசாரிக்கப்பட்ட மரணங்களில் எதற்கும் அந்த விளையாட்டுக்கும் உள்ள தொடர்பு உறுதிப்படவில்லை என 2018 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. பெற்றோரின் கவனம் ஒரு பெயரின் மீது குவிந்திருந்த அதே காலத்தில், மிரட்டல், படக் கசிவு, போலிக் கணக்கு ஆகிய அன்றாட ஆபத்துகள் அதிகம் பேசப்படாமலே வளர்ந்தன.

2019 ஜனவரியில் தில்லி தால்கட்டோரா அரங்கில் நடைபெற்ற தேர்வுக் கலந்துரையாடலில், இணைய விளையாட்டில் மூழ்கிய மகனைப் பற்றி ஒரு தாய் முறையிட்டபோது, "பப்ஜி விளையாடுபவரா?" எனப் பிரதமர் நரேந்திர மோடி கேட்டார். அரங்கம் சிரிப்பில் ஆழ்ந்தது. 2020 செப்டம்பரில் அந்த விளையாட்டு தடை செய்யப்பட்டது. ஆனால் குழந்தைகள் நலன் அதற்குக் காரணமன்று. சீனாவுடன் எல்லைப் பதற்றம் நிலவிய வேளையில் நாட்டின் பாதுகாப்பைக் கருதி 118 செயலிகளுக்கு விதிக்கப்பட்ட தடையின் பகுதி அது. அதே விளையாட்டின் இந்தியப் பதிப்பு 2021-இல் வந்தது.

டிக்டாக் செயலியின் கதையும் ஏறத்தாழ இதுவே. அதைப் பதிவிறக்கம் செய்ய 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. மூன்று வாரங்களில் தடை விலக்கப்பட்டது. 2020 ஜூனில் மத்திய அரசு அச்செயலியை முடக்கியது. அடுத்த மாதமே அதே வகைக் குறும்படங்கள் இன்ஸ்டாகிராமில் இடம்பெறத் தொடங்கின. செயலி மாறியது, அதைப் பார்க்கும் பழக்கம் மாறவில்லை.

கிடப்பில் உள்ள எளிய பரிந்துரை

தடைகளுக்கு அப்பால் சிந்தித்த ஒரு முயற்சி மாநிலங்களவையில் நடைபெற்றது. சமூக ஊடகங்களில் பரவும் ஆபாசத்தால் குழந்தைகள் பாதிக்கப்படுவது குறித்து அதிமுக உறுப்பினர் விஜிலா சத்தியானந்த் 2019-இல் அவையில் பிரச்னை எழுப்பினார். அதையடுத்து அவைத் தலைவர் வெங்கய்ய நாயுடு, காங்கிரஸ் உறுப்பினர் ஜெய்ராம் ரமேஷ் தலைமையில் 14 உறுப்பினர்கள் கொண்ட குழுவை அமைத்தார். பல கட்சியினரும் இடம்பெற்ற அக்குழு, 2020 ஜனவரியில் 40 பரிந்துரைகளை அளித்தது.

அவற்றில் சட்டத் திருத்தங்களும் தொழில்நுட்ப ஏற்பாடுகளும் இருந்தன. அதிகம் பேசப்படாத பரிந்துரை ஒன்றும் இருந்தது. இளம் வயதில் ஸ்மார்ட்போனையும் இணையத்தையும் தடையின்றிப் பயன்படுத்துவதால் வரும் கேடுகள் குறித்து, ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பெற்றோருக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பதே அது. இதற்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை.

அறிக்கை வெளிவந்த இரண்டு மாதங்களுக்குள் கொரோனா தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. அதுவரை செல்பேசியைக் கொண்டுவரக் கூடாது என்று கூறிவந்த பள்ளிகள், செல்பேசி இல்லாமல் வகுப்பு இல்லை என்று கூற வேண்டிய நிலை ஏற்பட்டது. மழலையர் வகுப்புக்கு நாளொன்றுக்கு 30 நிமிடங்களுக்கு மேல் கூடாது, 8-ஆம் வகுப்பு வரை அதிகபட்சம் 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு அமர்வுகள் என 2020 ஜூலையில் மத்திய அரசு வரம்பு விதித்தது. வகுப்பு நேரத்துக்கு வரம்பு வந்தது. வகுப்பு முடிந்த பிறகும் குழந்தையின் கையிலேயே இருந்த கருவிக்கு வரம்பு ஏதும் இல்லை.

கிராமங்களிலும் அதே நிலை

இது நகரங்களின் பிரச்னை மட்டுமே என்ற எண்ணத்தைப் புள்ளிவிவரங்கள் பொய்யாக்குகின்றன. பிரதம் தொண்டு நிறுவனம் நடத்தும் ஊரகக் கல்வி ஆய்வின்படி, கிராமப்புறப் பள்ளிக் குழந்தைகளின் வீடுகளில் 2018-இல் 36 சதவீதத்தில் மட்டுமே ஸ்மார்ட்போன் இருந்தது. 2022-இல் இது சுமார் 75 சதவீதமாக உயர்ந்தது.

605 ஊரக மாவட்டங்களில் நடத்தப்பட்ட 2024-ஆம் ஆண்டு ஆய்வு, 14 முதல் 16 வயது வரையிலானோரில் 82 சதவீதத்தினருக்கு ஸ்மார்ட்போனை இயக்கத் தெரியும் என்கிறது. அவர்களில் ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் கல்வி தொடர்பாக அதைப் பயன்படுத்தியோர் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியோர் 76 சதவீதம். சமூக ஊடகத்தைப் பயன்படுத்துவோரிலும், தொல்லை தரும் கணக்கைத் தடுக்கவோ அதன் மீது புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 சதவீதம்தான். தமது கணக்கை அந்நியர் பார்க்காதபடி மாற்றத் தெரிந்தவர்கள் 55 சதவீதம். அதாவது, ஏறக்குறைய பாதிப் பேர் கதவைத் தாழிடத் தெரியாமலே அந்த வீட்டில் குடியிருக்கின்றனர். இவர்களைவிடச் சிறிய குழந்தைகளின் நிலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

குற்றப் பதிவுகளும் கவலை அளிக்கின்றன. குழந்தைகளுக்கு எதிரான சைபர் குற்றங்களாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தவை 2021-இல் 1,376, 2022-இல் 1,823. ஆனால் இணைய நிறுவனங்களிடமிருந்து புகார்களைப் பெறும் அமெரிக்காவின் தேசிய மையத்துக்கு, 2023-இல் இந்தியாவுடன் தொடர்புடையதாக வந்த தகவல்கள் மட்டும் சுமார் 89 லட்சம். இவற்றில் ஒரே படம் பல முறை பகிரப்பட்டதும் அடங்கும். எனவே இரண்டு எண்களையும் நேரடியாக ஒப்பிட இயலாது. இருப்பினும், காவல் நிலையத்தை எட்டுபவை மிகச் சிலவே என்பதில் ஐயமில்லை. இந்தத் தகவல்களைப் பெறுவதற்காக 2019 ஏப்ரலில் ஆவணக் காப்பகம் அந்த மையத்துடன் உடன்பாடு செய்துகொண்டது.

ஒப்புதல் எப்படி?

இந்தப் பின்னணியில் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு முக்கியத்துவம் பெறுகிறது. பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம் என்பதோடு, குழந்தைகளின் இணைய நடமாட்டத்தைப் பின்தொடர்வதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் இப்பிரிவு தடை செய்கிறது. மீறினால் ரூ. 200 கோடி வரை அபராதம் விதிக்கலாம். கல்விப் பணிக்காகவும் மாணவர் பாதுகாப்புக்காகவும் தேவைப்படும் அளவுக்குப் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு.

ஒப்புதல் தருபவர் வயது வந்தவர்தானா என்பதை, நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ள விவரங்கள் மூலமோ, டிஜிலாக்கர் போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு வழங்கும் அடையாளக் குறியீடு மூலமோ உறுதி செய்யலாம் என்கின்றன விதிமுறைகள். ஆனால் விதிகளில் தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டுகள், கணக்குத் தொடங்குபவர் "நான் குழந்தை" என்று தெரிவிப்பதிலிருந்தோ, பெற்றோர் முன்வந்து கூறுவதிலிருந்தோதான் தொடங்குகின்றன. பிறந்த ஆண்டைக் கூட்டிச் சொல்லும் சிறுவனை என்ன செய்வது என்பதற்கு அவற்றில் தெளிவான விடை இல்லை.

இரண்டாவது சிக்கல் இந்தியக் குடும்பங்களுக்கே உரியது. பல வீடுகளில் செல்பேசி ஒன்றுதான். கணக்கு தந்தையின் பெயரில் இருக்கும். அதில் ஏழு வயதுச் சிறுமி படம் பார்க்கும்போது, நிறுவனத்தின் கணக்கில் பார்ப்பவர் நாற்பது வயது ஆடவர். குழந்தைகளுக்கான பாதுகாப்பு எதுவும் அவளுக்குக் கிடைக்காது. மூன்றாவதாக, 6 வயதுக் குழந்தைக்கும் 17 வயது மாணவிக்கும் ஒரே விதி. கல்லூரியில் சேரவிருக்கும் பெண், ஒவ்வொரு இணையச் சேவைக்கும் தந்தையின் அனுமதியை நாட வேண்டும் என்றால், சில குடும்பங்களில் அவளது இணையத் தொடர்பே துண்டிக்கப்படும் அபாயம் உண்டு. ஊரக ஆய்வில் சொந்தமாகச் செல்பேசி வைத்திருப்போரில் சிறுவர்களைவிடச் சிறுமியர் குறைவாகவே உள்ளனர் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

ஆஸ்திரேலிய வழி

பதினாறு வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் தடை விதித்தது. மீறினால் நிறுவனங்களுக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம்; பெற்றோருக்கும் குழந்தைக்கும் தண்டனை இல்லை. அது போன்ற சட்டத்தை இந்தியாவும் பரிசீலிக்கலாம் என அதே மாதம் மதுரைக் கிளை யோசனை தெரிவித்தது. சட்டம் வரும் வரை விழிப்புணர்வுப் பணியைத் தீவிரப்படுத்துமாறும் அறிவுறுத்தியது. இதற்கு முன், 13 வயதுக்கு உட்பட்டோருக்குத் தடை கோரிய மனுவை 2025 ஏப்ரலில் விசாரிக்க மறுத்த உச்ச நீதிமன்றம், இது அரசின் கொள்கை முடிவு சார்ந்தது எனக் கூறியிருந்தது.

ஆஸ்திரேலிய முறையில் பொறுப்பு நிறுவனத்தின் தோளில் உள்ளது. இந்திய முறையில் அதன் பெரும் பகுதி பெற்றோரின் தோளில் உள்ளது. எந்த முறையை ஏற்றாலும், வயதைச் சரிபார்க்கக் குடிமக்கள் அனைவரும் அடையாள ஆவணங்களைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்க வேண்டிய நிலை வரக் கூடாது என்ற எச்சரிக்கையும் புறக்கணிக்கத்தக்கதல்ல. மேலும், குழந்தைகளைக் குறிவைக்கும் தீயோர் சமூக ஊடகத்தில் மட்டும் இல்லை. விளையாட்டுச் செயலிகளின் உரையாடல் பகுதிகளிலும் அவர்கள் உள்ளனர்.

பள்ளிகளின் கடமை

பள்ளிகளைப் பொருத்தவரை சட்டம் தெளிவாகவே உள்ளது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது போக்ஸோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு. தெரிவிக்கத் தவறினால் 6 மாதங்கள் வரை சிறைத் தண்டனை உண்டு. தமக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. பள்ளியின் நற்பெயரைக் காரணம் காட்டி விவகாரத்தை நான்கு சுவர்களுக்குள் முடித்துவைப்பது இச்சட்டப்படி குற்றமே.

அதே நேரம், நல்லெண்ணத்திலும் ஒரு தவறு நேர்கிறது. மாணவியின் படம் கசிந்தது என்று பிறரை எச்சரிக்கும் நோக்கில் அதையே ஆசிரியர் அல்லது பெற்றோர் குழுவில் பகிர்வது, குழந்தைக்கு இரண்டாவது முறை இழைக்கப்படும் கொடுமை. அது சட்டச் சிக்கலையும் வரவழைக்கும். இத்தகைய படங்களைப் பதிவிறக்கம் செய்து தனியே பார்ப்பது மட்டுமே குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை, அதே ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பகிரும் நோக்கத்துடன் நீக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதும் போக்ஸோ சட்டத்தின்கீழ் குற்றமே என அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு விளக்கியது. பள்ளிகளில் முறையான பாலியல் கல்வியின் தேவையையும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது.

புகார் செய்ய வழிகள் உள்ளன. 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில், குழந்தைகள் தொடர்பான படங்கள் குறித்துப் பெயரைக் குறிப்பிடாமலே புகார் அளிக்கலாம். ஹைதராபாதைச் சேர்ந்த பிரஜ்வலா அமைப்பு எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக ஏற்றதன் விளைவு அந்தத் தளம். குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற எண் உண்டு. இணையப் பண மோசடிக்கு 1930.

பெற்றோருக்கான பயிற்சிக்கும் புதிய அமைப்பு தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு உள்ளது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். ஆண்டுக்கு இரண்டு கூட்டங்களில் செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டே சிலவற்றைச் செய்து காட்டினால் போதும்: குழந்தைக்குத் தனிக் கணக்கு உருவாக்குவது, அந்நியர் செய்தி அனுப்ப முடியாதபடி மாற்றுவது, பணம் செலுத்தும் செயலிக்குத் தனிக் கடவுச்சொல் வைப்பது, தொல்லை வந்தால் அழிக்கும் முன் கணக்கின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்வது. இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம். ஐந்து வயது வரை பெரியவர் உடனிருக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்ற இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கத்தின் 2021-ஆம் ஆண்டு அறிவுரையையும் அங்கேயே சொல்லலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. மிரட்டலுக்கு ஆளான குழந்தை வீட்டில் வாய் திறக்காததற்குப் பெரும்பாலும் காரணம், செல்பேசி பறிக்கப்படும், தன்மீதே பழி வரும் என்ற அச்சம்தான். மிரட்டுபவரின் பலமும் அந்த மௌனமே. சொன்னால் தண்டனை இல்லை என்ற உறுதியை முன்கூட்டியே பெற்ற குழந்தை, முதல் தவறான செய்தி வந்த அன்றே தாயிடம் சொல்லும்.

2027 மே மாதத்துக்குள் நிறுவனங்கள் தங்கள் ஏற்பாடுகளை முடித்தாக வேண்டும். தவறினால் அபராதம் காத்திருக்கிறது. பெற்றோரையும் பள்ளிகளையும் தயார் செய்யும் பணிக்கு அத்தகைய காலக்கெடு எதுவும் விதிக்கப்படவில்லை. மாநிலங்களவைக் குழு 2020-இல் பரிந்துரைத்த அந்த இரண்டு கூட்டங்களையும் மத்திய, மாநிலக் கல்வித் துறைகள் வரும் கல்வியாண்டிலேயே கட்டாயமாக்க வேண்டும். இல்லையேல், பெற்றோரின் ஒப்புதல் கேட்டு வரும் செய்திக்கு, அவர்கள் அறியாமலே, குழந்தைகளே ஒப்புதல் அளிக்கும் நிலைதான் நீடிக்கும்.